பழைய அவுட்போர்டு எஞ்சினில் தேய்ந்த மவுண்ட்களை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

பெயர்தான் ரப்பர் மவுண்ட் மாற்றும் வேலை. உண்மையில் ரப்பருக்குப் போகும் நேரம் கொஞ்சம்தான். பழையதை உருவிப் புதியதைச் செருக அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுக்க போல்ட்டுகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். இருபது முப்பது வருடம் உப்புத் தண்ணீர் பட்ட ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினிய ஹவுசிங்கோடு ஒட்டிப் பிறந்தது போல ஆகியிருக்கும். அதை உடைக்காமல் வெளியே எடுத்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது. அதனால் இந்த வழிகாட்டியிலும் போல்ட்டுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மவுண்ட் என்ன வேலை செய்கிறது

அவுட்போர்டு எஞ்சினை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். மேலே பவர்ஹெட், நடுவில் எக்ஸாஸ்டும் டிரைவ்ஷாஃப்டும் போகும் நடு ஹவுசிங், கீழே கியர்கேஸ். இந்த மூன்றும் சேர்ந்து ஒரே உடம்பு. படகின் பின்பலகையில் இறுக்கியிருக்கும் பிராக்கெட் தனி. இந்த இரண்டுக்கும் நடுவே உலோகத்தோடு உலோகம் தொடாமல் நிற்பதுதான் ரப்பர் மவுண்ட்.

பெரும்பாலான எஞ்சின்களில் மொத்தம் நான்கு. மேலே இரண்டு, பவர்ஹெட்டுக்குச் சற்றுக் கீழே. அவற்றின் நீளமான போல்ட்டுகள் முன்பக்கம் நீட்டிக்கொண்டு ஸ்டீயரிங் பிராக்கெட்டில் நட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். கீழே இரண்டு, நடு ஹவுசிங்கின் இரு பக்கமும் ஆளுக்கொரு மூடிக்குள். அவற்றின் போல்ட்டுகள் ஸ்விவல் குழாயின் (எஞ்சின் இடம் வலம் திரும்பும் அச்சு) அடியில் இருக்கும் யோக் என்ற உலோகக் கவையில் போய்ச் சேரும். சிறிய எஞ்சின்களில் கீழே ஒன்றே இருப்பதும் உண்டு, வடிவம் மாறுவதும் உண்டு, தத்துவம் ஒன்றுதான்.

படகு முன்னால் போகும்போது புரொப்பல்லர் தள்ளும் விசை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கியர்கேஸ் முன்னோக்கித் தள்ளப்படுகிறது, அதனால் கீழ் மவுண்ட்கள் யோக்கின் மேல் அழுந்துகின்றன. அதே நேரத்தில் எஞ்சினின் தலை பின்னால் சாயப் பார்க்கிறது, அதை மேல் மவுண்ட்கள் இழுத்துப் பிடிக்கின்றன. ரிவர்ஸ் போட்டால் எல்லாம் தலைகீழ். அதனால்தான் கீழ் மவுண்ட் நைந்து போனால் கியர் போடும்போதெல்லாம் 'டக்' என்று ஓர் அடி கேட்கும். மேல் மவுண்ட் போனால் எஞ்சினின் தலை தளர்ந்து ஆடும்.

ரப்பர் கெட்டுப்போக வயது மட்டும் காரணம் இல்லை. கார்புரேட்டரிலிருந்து சொட்டும் பெட்ரோலும் எண்ணெயும் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். உப்புத் தண்ணீர் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் உலோக ஸ்லீவுக்கும் (போல்ட் நுழையும் குழல்) நடுவே நுழைந்து பிணைப்பைப் பிரித்துவிடும். வெளியே பார்க்க ரப்பர் நன்றாகவே தெரியும், உள்ளே ஸ்லீவ் தனியாக உருண்டுகொண்டிருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து 'நல்லா இருக்கு' என்று முடிவு செய்யாதீர்கள்.

முதலில் குற்றவாளி மவுண்ட்தானா என்று பாருங்கள்

எஞ்சின் அதிர்ந்தால் உடனே மவுண்ட் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாத இரண்டு சிலிண்டர் எஞ்சினும் இதே மாதிரிதான் குலுங்கும். கம்ப்ரஷன் பாருங்கள், சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மவுண்ட்டை மறந்துவிட்டு அதைக் கவனியுங்கள். எல்லாப் பிளக்கிலும் தீப்பொறி வருகிறதா, கார்புரேட்டர்கள் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா, புரொப்பல்லரில் ஏதாவது இதழ் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் ட்வின் ஐடிலில் கொஞ்சம் குலுங்குவது அதன் பிறவிக் குணம். வேகம் கூட்டினால் அது அடங்க வேண்டும். அடங்காமல் கூடினால் சந்தேகம் புரொப்பல்லர், ஷாஃப்ட் பக்கம்.

மவுண்ட்டைச் சோதிக்க எஞ்சின் ஓட வேண்டியதில்லை. பாதி உயரத்துக்கு டில்ட் செய்து, டில்ட் லாக்கை மட்டும் நம்பாமல் ஒரு மரக்கட்டையையும் முட்டுக் கொடுங்கள். கியர்கேஸுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கெக்கை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். இன்னொருவர் பிராக்கெட் பக்கம் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். என்ன ஆடுகிறது என்பதைவிட எது ஆடாமல் நிற்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

யோக் அசையாமல் நிற்க, ஹவுசிங் மட்டும் ஆடினால் கீழ் மவுண்ட் போய்விட்டது. யோக்கும் ஹவுசிங்கும் சேர்ந்து ஸ்விவல் பிராக்கெட்டுக்குள் ஆடினால் ஸ்விவல் புஷ் தேய்ந்திருக்கிறது. நான்கு மவுண்ட் மாற்றினாலும் அது போகாது. பிராக்கெட் மொத்தமும் பின்பலகையோடு அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பலகை உள்ளே உளுத்துவிட்டது. இந்தக் கடைசிக் கேஸில் எஞ்சினை விட்டுவிட்டுப் படகைப் பாருங்கள்.

மேல் மவுண்ட்டுக்கு, எஞ்சினை நேராக இறக்கி, மேல்மூடியைக் கழற்றி, பவர்ஹெட்டைப் பிடித்து முன்பின் தள்ளிப் பாருங்கள். ரப்பருக்கே உரிய மெத்தென்ற அசைவு இருக்கலாம். 'கடக்' என்று உலோகம் மோதும் சத்தம் வரக் கூடாது. தடயங்களையும் தேடுங்கள்: மவுண்ட் மூடியைச் சுற்றிக் கரி போன்ற ரப்பர்த் தூள், ஹவுசிங்குக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இடது வலது சமமில்லாத இடைவெளி, பெயின்ட் உரசிப்போய்ப் பளபளக்கும் உலோகம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் எஞ்சின். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் போதும், வேறு சாட்சி தேவையில்லை.

பாகங்கள்

எஞ்சின் இத்தனை எச்.பி., இந்த வருடம் என்று சொல்லி மவுண்ட் வாங்காதீர்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் வேண்டும். அது பிராக்கெட்டின் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். பழைய எஞ்சின்களில் பவர்ஹெட் எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம். மவுண்ட் நடுப்பகுதியோடு சேர்ந்த சரக்கு என்பதால், பவர்ஹெட்டில் இருக்கும் எண்ணும் பிராக்கெட்டில் இருக்கும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் பிராக்கெட்டின் எண்ணையே நம்புங்கள்.

ஜான்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். 1980 முதல் வந்த மாடல்களில் வருடத்தை மாடல் எண்ணுக்குள்ளேயே எழுத்தாக மறைத்து வைத்திருப்பார்கள். 'இன்ட்ரட்யூசஸ்' (INTRODUCES) என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்தான் சாவி: முதல் எழுத்து 1, இரண்டாவது 2, அப்படியே போய்க் கடைசி எழுத்து 0. கடைசி எழுத்துக்கு முன்னால் 'சி, ஈ' என்று இருந்தால் 89. அந்த எஞ்சின்களைச் செய்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலாகி, பெயர்கள் கைமாறி, 2020இல் எவின்ரூட் உற்பத்தியும் நின்றது. அதனால் பாகம் கிடைக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

ஒரே அளவு, ஒரே வடிவம் என்று பக்கத்து எஞ்சினின் மவுண்ட்டைப் போட்டுவிடலாமா? வேண்டாம். ஒரே ஹவுசிங்கை வெவ்வேறு திறன் எஞ்சின்களுக்குப் பயன்படுத்தும் கம்பெனிகள் ரப்பரின் கடினத்தை மட்டும் மாற்றுவது உண்டு. சிலர் ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் வார்த்துப் போடுகிறார்கள். பந்தயப் படகுக்கு அது சரி, ஸ்டீயரிங் கச்சிதமாக இருக்கும். சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினில் போட்டால் ஐடிலில் படகில் இருக்கும் பல்லெல்லாம் ஆடும். ரப்பரே போதும் என்பது என் கட்சி.

நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கீழே புதியது, மேலே பழையது என்று வைத்தால் புதியது பிடித்து நிற்க, பழையது தளர்ந்து கொடுக்க, சுமை சமமில்லாமல் போய்ச் சீக்கிரமே மறுபடி இதே வேலை வரும். மவுண்ட்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை: நீள போல்ட்டுகள், நைலான் வளையம் வைத்த நட்டுகள் (ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது), வாஷர்கள், மூடி போல்ட்டுகள், எர்த் பட்டைகள், பவர்ஹெட் தூக்க வேண்டியிருந்தால் அதன் கேஸ்கெட். பெட்டியிலேயே வருடக்கணக்காகக் கிடந்த 'புதிய' மவுண்ட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விழுந்தால் திருப்பிக் கொடுங்கள்; ரப்பருக்கு அலமாரியிலும் வயது ஏறும்.

தயாரிப்பு

வேலை சனிக்கிழமை என்றால் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட ஆரம்பிப்பது செவ்வாய்க்கிழமை. தினமும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் போல்ட் தலையில் சுத்தியலால் லேசாக நான்கு தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்தும் பலர் பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சுலபமாகத் தீப்பிடிக்கும். அது காயும்வரை கேஸ் டார்ச் பக்கம் போகாதீர்கள்.

படகு கரையில், டிரெய்லரிலோ ஸ்டாண்டிலோ இருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஹோஸைப் பிரித்து, டேங்கைத் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். கையில் தூக்கக்கூடிய சிறிய எஞ்சின் என்றால் படகிலிருந்தே இறக்கி ஒரு ஸ்டாண்டில் மாட்டிக்கொள்வது உத்தமம். பெரியது என்றால் செயின் பிளாக் கட்டாயம். ஃப்ளைவீலில் மாட்டும் லிஃப்டிங் வளையம் உங்கள் மாடலுக்கு எது என்று மேனுவலில் பாருங்கள், கயிற்றைக் கண்ட இடத்தில் சுற்றாதீர்கள். எஞ்சின் நேராக நிற்க, செயின் அதன் எடையை ஏந்திக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இழுத்து, ஸ்கெக்குக்கு அடியிலும் ஒரு கட்டை வையுங்கள். செயினை அதிகம் இழுத்தால் மவுண்ட் போல்ட் மேல்நோக்கி இறுகிக்கொள்ளும், அப்புறம் வெளியே வராது. போல்ட்டைக் கையால் அசைத்தால் கொஞ்சம் நெகிழ்வு தெரிய வேண்டும். அதுதான் சரியான உயரம்.

எதைக் கழற்றும் முன்பும் போட்டோ எடுங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்பது மறுநாள் காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சிக்கிய போல்ட்டுகள்

ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கரைந்து வெள்ளைப் பொடியாகப் பூத்து, முன்பு இருந்ததைவிட அதிக இடம் பிடித்து, போல்ட்டைச் சுற்றி நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் துருவே பிடிக்காத போல்ட் துருப்பிடித்ததைவிட மோசமாகச் சிக்குகிறது.

முதல் விதி: கழற்றுவதற்கு முன் இறுக்குங்கள். சரியாகப் பொருந்தும் ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு (பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை உருட்டிவிடும்) ஒரு மயிரிழை இறுக்கிப் பார்த்தால் அந்த வெள்ளைப் பூச்சு விரியும். அப்புறம் கழற்றும் பக்கம். கொஞ்சம் நகர்ந்தால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே திருப்பி, மறுபடி வெளியே. கால் திருப்பு வந்தால் அரைக்கால் திருப்பு திரும்பக் கொடுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் மரை உரசி ஒட்ட ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அப்போது நீளக் குழாய் மாட்டி மிதிப்பவர்தான் போல்ட்டை உடைப்பவர். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்துச் சில நொடிகள் தட்டவிடுங்கள். இங்கே பலத்தைவிட அதிர்வே உதவும்.

எண்ணெய்க்கு மசியாததைச் சூடு மசிய வைக்கும். அலுமினியம் சூட்டில் விரியும் அளவு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரோமீட்டர், சாதாரண ஸ்டெயின்லெஸ் 17, இரும்பு 12. ஆகவே போல்ட்டைச் சூடாக்கக் கூடாது, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். துளை விரிந்து போல்ட்டை விடும். ஹீட் கன் போதவில்லையென்றால் சிறிய கேஸ் டார்ச். பெட்ரோல் ஆவி எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வைத்து, அப்புறம்தான் பற்ற வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இரும்பு போல அலுமினியம் சிவந்து காட்டி எச்சரிக்காது. நிறம் மாறாமலே நின்று, திடீரென்று தொங்கிவிடும். சூட்டை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் அளவு சூடு போதும். அந்தச் சூட்டில் மெழுகுவர்த்தித் துண்டை மரை விளிம்பில் தேய்த்தால் உருகி உள்ளே இறங்கும். ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, இப்படி நான்கைந்து தடவை செய்த பிறகுதான் சில போல்ட்டுகள் மனமிரங்கும்.

அதையும் மீறி உடைந்தால்? மிச்சம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பிக் கழற்றுவதுதான் சிறந்த வழி. வெல்டிங் சூடே பாதிப் பிடியை விடுவித்துவிடும். உள்ளே உடைந்துவிட்டால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, இடது பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல நேரம் துளை போடும்போதே துண்டு கழன்று வரும். உடைந்த போல்ட் எடுக்கும் கூம்பு வடிவக் கருவியைச் சிக்கிய போல்ட்டில் பயன்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் எந்த டிரில்லும் அதில் ஏறாது. ஒரு சின்னத் தொல்லைக்காக இரண்டு நாள் போனது எனக்கு ஒருமுறை போதும். மரை வீணானால் கவலை வேண்டாம், ஹெலிகாயில் (துளைக்குள் செருகும் கம்பிச்சுருள் மரை) போட்டால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே இருக்கும்.

கீழ் மவுண்ட்கள்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் எஞ்சினை இடத்தில் பிடித்து வைத்திருக்கும். முதலில் யோக்கின் முன்பக்கத்து நட். அடுத்து பக்கவாட்டு மூடியின் போல்ட்டுகள், மாடலைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு. மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் செருகி நெம்பாதீர்கள், வார்ப்பு அலுமினியம் வளையாது, உடையும். மூடி வந்ததும் போல்ட்டை உருவினால் மவுண்ட் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும்.

போல்ட் உள் ஸ்லீவோடு ஒட்டிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றால் யோசிக்க வேண்டாம். எப்படியும் இரண்டும் குப்பைக்குப் போகப்போகிறவை. யோக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இருக்கும் சந்தில் உலோகம் அறுக்கும் ரம்பத்தை விட்டு அறுத்துவிடுங்கள். யோக்கையும் ஹவுசிங்கையும் மட்டும் ரம்பம் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுண்ட் உட்காரும் குழியை இப்போது நிதானமாகப் பாருங்கள். வெள்ளைப் பூச்சைச் சுரண்டி, ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமான உலோகம் வரும்வரை எடுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் பூச்சு மிச்சம் இருந்தாலும் புதிய மவுண்ட் சரியாக உட்காராது. வெடிப்பு இருக்கிறதா? யோக்கின் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா? நீண்டிருந்தால் யோக் மாற்ற வேண்டும். வாஷர் போட்டு ஒப்பேற்றும் இடம் அது இல்லை. பெயின்ட் போன அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் ஒரு பூச்சு அடித்துக் காயவிடுங்கள்.

புதிய மவுண்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேல் கீழ், இடது வலது என்று அடையாளமோ தட்டையான பக்கமோ இருக்கும். தலைகீழாகப் போட்டாலும் சில உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து. ரப்பர் மேல் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள். நுழையச் சிரமப்பட்டால் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் போக வேண்டிய இடம் போல்ட்டின் தண்டும் ஸ்லீவின் உட்புறமும். மூடி போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குவதால் மரைக்கு மரைன் கிரீஸோ, டெஃப்-ஜெல், ட்யூராலாக் போன்று இரு உலோகங்களைப் பிரித்து வைக்கும் பசையோ தடவுங்கள். செம்பு கலந்த ஆன்டி-சீஸ் வேண்டாம். உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்குச் செம்பு, ஸ்டெயின்லெஸைவிடப் பொல்லாத பக்கத்து வீட்டுக்காரன்.

நட்டைக் கையால் போட்டு, தளர்வாக விட்டுவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். இறுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

மேல் மவுண்ட்கள்

இங்கேதான் எஞ்சினுக்கு எஞ்சின் கதை மாறும். சில மாடல்களில் கீழ் மூடியைக் கழற்றினால் முன்பக்கம் ஒரு தகடு தெரியும், அதைத் திறந்தால் மவுண்ட் கைக்கு வரும். உங்களுடையது அப்படியென்றால் கொடுத்து வைத்தவர். கீழ் மவுண்ட்டுக்குச் செய்ததையே இங்கும் செய்யுங்கள். மற்றவற்றில் மவுண்ட் பவர்ஹெட்டுக்கு அடியில், நடு ஹவுசிங்கின் தலைக்குள் உட்கார்ந்திருக்கும். பவர்ஹெட்டைத் தூக்காமல் வழியில்லை.

தூக்குவதென்றால் த்ராட்டில், கியர் இணைப்புகள், ஒயரிங், பெட்ரோல் லைன், குளிர்நீர் ஓடுகிறதா என்று காட்டும் சிறிய ஹோஸ் எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பவர்ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் கீழிருந்து மேலாக ஏறும். எக்ஸாஸ்ட் சூடும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து வெந்தவை அவை. மேலே சொன்ன பொறுமை முழுவதும் இங்கே தேவைப்படும்.

போல்ட்டுகள் எல்லாம் வந்தும் பவர்ஹெட் அசையவில்லையென்றால் பழைய கேஸ்கெட் ஒட்டியிருக்கலாம், அல்லது டிரைவ்ஷாஃப்டின் பற்கள் கிராங்க்குக்குள் (பவர்ஹெட்டின் சுழல் தண்டு) துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பவர்ஹெட்டைத் தொடும் முன் கியர்கேஸ் போல்ட்டுகளைத் தளர்த்தி, கியர் ஷிஃப்ட் கம்பி இணைப்பைப் பிரித்து, கியர்கேஸைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். டிரைவ்ஷாஃப்ட் அதோடு சுலபமாக இறங்கினால் கிராங்க் விட்டுவிட்டது என்று நிம்மதி. கேஸ்கெட் பரப்புக்கு நடுவே உளி வைத்து நெம்புவது கூடவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் எக்ஸாஸ்டும் தண்ணீரும் அதன் வழியே கசியும். செயினில் லேசான இழுப்புக் கொடுத்து, சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் தட்டி, நேர் மேலே தூக்குங்கள். சாய்த்தால் டிரைவ்ஷாஃப்ட் சிக்கும்.

தூக்கியாயிற்று. மேல் மவுண்ட்டை மாற்றுவது இப்போது சில நிமிட வேலை. வந்த இடத்தில் தண்ணீர்க் குழாயின் ரப்பர் வளையங்களையும் சீல்களையும் பார்த்துவிடுங்கள், இன்னொரு முறை இவ்வளவு தூரம் வர உங்களுக்கு மனம் வராது. பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துப் புதியதைப் போடுங்கள்.

பவர்ஹெட்டை இறக்கும்போது இரண்டு விஷயம். டிரைவ்ஷாஃப்டின் பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் தடவுங்கள், தலைமேல் தடவாதீர்கள். மேலே கிரீஸ் தேங்கினால் அது அமுங்க இடமில்லாமல் ஷாஃப்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், பவர்ஹெட் முழுதாக உட்காராது. பற்கள் சேராவிட்டால் கியர் நியூட்ரலில் இருக்க, ஃப்ளைவீலை எஞ்சின் சுற்றும் திசையில் மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் இதழ்கள் மடங்கும். போல்ட்டை இறுக்கி இழுத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள், தானாக இறங்கி உட்கார வேண்டும்.

இறுக்குவது

நான்கு மவுண்ட்டும் தளர்வான நட்டுகளோடு இடத்தில் இருக்கின்றன. சரி, இப்போது செயினை மெல்ல மெல்லத் தளர்த்தி எஞ்சினின் எடை மவுண்ட் மேல் இறங்கட்டும். ஸ்கெக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டி, எஞ்சின் தனக்கு வசதியான இடத்தில் உட்காரவிடுங்கள். தொங்கும் எஞ்சினில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே சிறைப்படும், சீக்கிரம் கிழியும்.

முதலில் மவுண்ட் மூடிகள், அடுத்து கீழ் நட்டுகள், கடைசியில் மேல் நட்டுகள். மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. அளவு உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து அதே அளவுக்கு இறுக்குங்கள். மேனுவல் உலர்ந்த மரைக்குச் சொல்லும் அளவை, கிரீஸ் தடவிய மரையில் அப்படியே போட்டால் போல்ட் உண்மையில் அதிகமாக இழுபடும் என்பதை நினைவில் வையுங்கள். நட் உள் ஸ்லீவின் முனையைத் தொட்டதும் கைக்கு 'கல்' என்று ஒரு நிறுத்தம் தெரியும். அப்படி நிற்காமல் நட் போய்க்கொண்டே இருந்து ரப்பர் நசுங்கிப் பிதுங்கினால் ஏதோ வாஷர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது போல்ட் தவறானது. கழற்றிப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எர்த் பட்டைகள்

பலரும் குப்பையில் போடும் பாகம் இதுதான். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் பிராக்கெட்டில் இருக்கும் ஆனோடு (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் உலோகக் கட்டி), நடு ஹவுசிங்கைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டையும் இணைக்கும் கம்பியோ பின்னல் பட்டையோ வேண்டும். அது இல்லாவிட்டால் ஆனோடு தேயாமல் புத்தம் புதிதாக இருக்கும், பக்கத்தில் ஹவுசிங் அரித்துக்கொண்டிருக்கும். பட்டை தொடும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தில் இறுக்குங்கள், அப்புறம் மேலே கிரீஸ் பூசுங்கள். மல்டிமீட்டரை ஒரு முனை பிராக்கெட்டிலும் மறுமுனை ஹவுசிங்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்தால் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

எஞ்சினைத் தொடும் முன் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள், டில்ட்டை முழுக்க ஏற்றி இறக்குங்கள். எந்த ஹோஸும் கேபிளும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. மவுண்ட் தொய்ந்து தொங்கியிருந்த எஞ்சின் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. அதனால் கியர் கேபிளும் த்ராட்டில் கேபிளும் சற்று விலகியிருக்கலாம். நியூட்ரல் உண்மையாகவே நியூட்ரலா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

தண்ணீர் இணைப்புக் கொடுத்து ஐடிலில் ஓடவிடுங்கள். பவர்ஹெட் தூக்கியிருந்தால் அந்த இணைப்பில் தண்ணீரோ புகையோ கசிகிறதா என்று பாருங்கள். ஐடில் அதிர்வு முன்பைவிடக் கொஞ்சம் கூடியது போலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். புதிய ரப்பர் கெட்டி, பழையதைப் போலக் குழைந்து போய் எல்லாவற்றையும் விழுங்காது. தண்ணீரில் இறக்கி, கயிறு கட்டியபடியே ஐடிலில் முன்னும் பின்னும் கியர் போடுங்கள். அந்த 'டக்' போயிருக்க வேண்டும். அடுத்து நடுத்தர வேகத்தில் ஓர் ஓட்டம். படகு முன்பு போல இடம் வலம் அலையாமல் ஸ்டீயரிங் சொன்ன பக்கம் உடனே திரும்பும். அலைந்தால் ஸ்விவல் புஷ்ஷை மறுபடி சந்தேகியுங்கள்.

ஒன்றிரண்டு மணி நேரம் ஓடியதும் ரப்பர் கொஞ்சம் அமர்ந்திருக்கும். எஞ்சின் ஆறியபின் நான்கு நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். நகர்ந்திருந்தால் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கடலில் ஓடும் எஞ்சின் என்றால் ஒவ்வொரு முறையும் மவுண்ட் மூடிகளைச் சுற்றி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மூடி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள்.